வைப்பர் மோட்டாரில் ஓடிய டிராம்

சங்ககிரியில் இருபது வருடமாக லாரிகளுக்கு வயரிங் செய்கிறேன். வீட்டுத் தோட்டத்தில் சின்னத் தண்டவாளம் போட்டு, பொம்மை டிராம் ஓட்டுவது என் பொழுதுபோக்கு. இரும்புத் தகட்டில் செய்த அது குழவிக்கல் கனம் இருக்கும். அதன் மோட்டார் புகைந்துபோனதால், லாரி வைப்பர் மோட்டாரைப் பொருத்தி, பெருமையாக மனைவியைக் கூப்பிட்டேன்.

டிராம் வேகமெடுத்தது. தண்டவாளத்தில் விழுந்த கொய்யா இலையை எடுக்க அவள் கையை நீட்டினாள். சுவிட்சை அணைத்தேன். டிராம் நிற்கவில்லை.

"கையை எடு புள்ள."

டிராம் அவள் வளையலை உடைத்த பிறகே நின்றது. விரல்கள் தப்பின.

"ஏனுங்க, வைப்பரை நிறுத்துனாலும் பாதியில நிக்காதுங்களே, ஓரத்துக்குப் போயித்தான நிக்கும்?" என்றாள், மெதுவாக.

சுவிட்சை அணைத்த பிறகும் வைப்பரை ஓரம் வரை ஓட்ட மோட்டாருக்குத் தனி ஒயர் உண்டு; அதை நான் துண்டிக்கவே இல்லை. அடுத்தவர் லாரியை இரண்டு முறை சோதிக்காமல் வெளியே விடமாட்டேன். அன்று சோதனைக்கு அவள் விரல்களை வைத்திருக்கிறேன்.