பொது இடத்தில் வைத்த பேச்சு

லக்ஷ்மணன் என் சித்தப்பா மகன். நாடுகளுக்கெல்லாம் பேச இடம் பார்த்துக் கொடுத்தவன், தன் பெண்டாட்டியிடம் பேச இடம் பார்த்ததில்தான் கெட்டான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவனுக்கு வேலை ஜகார்த்தாவில். பல நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று, இன்னொரு கூட்டமைப்போடு வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது எந்த ஊரில் உட்காருவது என்று அவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"அதுக்கு ஒரு ஆபீஸாடா?" என்று சிரிப்பேன்.

"பாதிச் சண்டையே அதுலதான் ஆச்சி," என்பான். அக்காளை எங்களில் ஆச்சி என்போம்.

ஒருமுறை இவர்கள் ஊராம், மறுமுறை அவர்கள் ஊராம். உறவு முறுக்கிக்கொண்டால் இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது ஊர். தேடிப் போனவர்கள் இறங்கி வந்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே.

அவன் பெண்டாட்டி வைஷ்ணவிக்குக் கரு கலைந்தபோது, அப்படி ஒரு கூட்டத்துக்கு இடம் பார்க்க மணிலா போயிருந்தான். வேலையை முடித்துக்கொண்டுதான் திரும்பினான். அதற்குள் அவள் ஜகார்த்தாவிலிருந்து தனியாகக் கிளம்பி அன்னவாசலுக்கு, அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பின்னாலேயே அவனும் ஊருக்கு வந்தான். கோபித்துக்கொண்டு போனவளை, எங்கள் பக்கம் புருஷன் பூவும் பழமுமாக மாமனார் வீட்டுக்கே போய்க் கூட்டிவருவான். பொது இடத்தில் பேச்சு வைத்தால் உறவை அத்துவிடப் போகிறார்கள் என்று அர்த்தம். தலைபாடாய் அடித்துக்கொண்டேன். மண்டையில் ஏறினால்தானே.

"வீட்டுல வச்சா மாமா ஒண்ணு சொல்லுவாரு, நான் ஒண்ணு சொல்லுவேன். காரியம் கெட்டுரும் ஆச்சி," என்று இரண்டு ஊருக்கும் நடுவே, புதுக்கோட்டையில் ஒரு ஓட்டல் ஹாலைப் பிடித்தான். அன்னவாசலுக்கு ஆள் விட்டுச் சொன்னான். என்னையும் கூட்டிப்போனான்.

மாமனார் மகளோடு வக்கீலையும் கூட்டிவந்தார். வக்கீலைப் பார்த்ததும் இவன் முகம் செத்துப்போயிற்று.

"ஒன்னயக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன், வைஷ்ணவி."

அவள் அழவில்லை. "நீங்க ஊருக்கு வந்துட்டீங்கன்னு கேட்டதுமே பெட்டியக் கட்டிட்டேன். வாசல்ல வந்து நின்னாப் போதும்னு இருந்தேன். நீங்க ஹாலுக்கு வரச்சொல்லி ஆள் விட்டீங்க."

பாவி, எழுந்து அவள் பக்கம் ஓடினான்.

"தப்புத்தான். இப்பவே ஒங்க வீட்டுக்கு வாரேன். வந்து கூப்பிடுறேன்."

"இப்ப நான் சொன்னதுக்கப்பறந்தானே வாரீங்க," என்றவள் வக்கீல் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டு சார் கையெழுத்துப் போடணும்?"