திருநீற்றை அளந்த மெசின்

கோப்பாயில் அழகுநிலையம் நடத்தும் ஜெயனியின் கலியாண அல்பத்தைப் பார்த்து, "அப்பாவுக்குப் பக்கத்திலை நிக்கிறது ஆர்?" என்று அவளுடைய மகளே ஒருநாள் கேட்டுவிட்டாள். படத்தில் முகம் அரிசிமா நிறம்; கழுத்து மட்டும் ஜெயனியுடையது. பிள்ளையின் கேள்வி அவளைச் சுட்டது. தன் கையால் இன்னொரு பெண்ணுக்கு இப்படி நடக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த மெசின் வந்தது. சுவரின் நிறத்தை அளந்து பெயின்ற் பொருத்திப் பார்க்கிற மலிவான சாமான். யன்னல் வெளிச்சத்தையும் சேர்த்து அளந்து, ஒரே முகத்துக்குக் காலையில் ஒரு நிறமும் மத்தியானம் ஒரு நிறமும் சொன்னது. ஜெயனி பழைய சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி மெசினின் வாயில் ஒட்டி வெளிச்சத்தை அடைத்தாள். கடையிலிருந்த முகப்பூச்சுகளை அளந்து ஒன்று முதல் எட்டுவரை நம்பர் போட்டாள்; எண் கூடினால் நிறம் கறுக்கும். பிறகு வாய் சும்மா இருக்குமா? "நான் பிழை விட்டாலும் இது விடாது" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

தை மாதம் குணலட்சுமி தன் மகள் வினோஜாவை மணப்பெண் மேக்கப் ஒத்திகைக்குக் கூட்டிவந்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் 'பொதுநிறம்' என்று சொல்லியிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குள் யாரும் அடங்குவார்கள். ஆனால் மணவறையில் மகள் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பது தாயின் ஆசை.

ஜெயனி மெசினைப் பெண்ணின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். இரண்டு என்றது.

"பாத்தீரே, மெசினே சொல்லுது," என்று குணலட்சுமி பூரித்துப்போனார்.

ஜெயனி பெண்ணின் கையைப் பார்த்தாள். அது எந்தக் கணக்கிலும் இரண்டு இல்லை. அப்போதுதான் விளங்கியது: இருவரும் கோயிலிலிருந்து நேரே வந்திருந்தார்கள். பேசாமல் இரண்டைப் பூசியிருந்தால் தாயும் மகிழ்ந்திருப்பார், மெசினின் மானமும் தப்பியிருக்கும். ஆனால் தன் கலியாண அல்பம் நினைவுக்கு வந்தது.

"அன்ரி, உது அளந்தது திருநீற்றை," என்று சொல்லி, முகத்தைக் கழுவவிட்டுத் திரும்ப அளந்தாள். ஆறு.

"இப்பதான் பிழையாச் சொல்லுது. பிழை விடாது எண்டு நீர்தானே சொன்னனீர்?" என்றார் குணலட்சுமி.

வினோஜா மெசினை வாங்கித் தாயின் கன்னத்தில் வைத்தாள். அதுவும் ஆறு.

"அப்பா என்ன நம்பர் பாத்தே உங்களைக் கட்டினவர்? எனக்கு உங்கடை நிறம் போதும், அம்மா."

குணலட்சுமி கொஞ்சநேரம் கண்ணாடியில் இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆறு முருகன்ரை நம்பர்தானே," என்றார் கடைசியில். "அதையே பூசும் பிள்ளை. கழுத்துக்கும் சேத்துப் பூசும்."