கடுகு வாங்கிய மூன்று நட்சத்திரங்கள்

அந்த வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குழந்தைகளுக்கு அவள் ‘கூடாது அக்கா’. வாழைப்பழமா? கூடாது. தக்காளியா? கூடாது. உப்பு பிஸ்கட்டா? கூடவே கூடாது. சிறுநீரகம் பழுதான குழந்தைகளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்லும் டயட்டீஷியன் வேலை. ஆகாதவற்றின் பட்டியல் முழ நீளம்; ஆகிறவை உள்ளங்கையில் அடங்கிவிடும். பதினோரு வருடமாக அதையே சொல்லிச் சொல்லி, வீட்டில் கணவர் டீக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான்.

“என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டப்போ மட்டும்தான் அது வரல. அன்னிக்கு ஏதோ ஞாபக மறதி,” என்று பஸ் டிரைவரான அவர் டிப்போவில் சொல்லிச் சிரிப்பார்.

ஆள் குள்ளம். குரல் மட்டும் எட்டு வீட்டுக்குக் கேட்கும். காலையில் அவள் லிஃப்டை விட்டு இறங்கியதுமே வார்டில் பிஸ்கட் பொட்டலங்கள் தலையணைக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். உள்ளே ஐந்து டயாலிசிஸ் மெஷின்கள், ஐந்து சாய்வு நாற்காலிகள், ஐந்து குழந்தைகள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், அவர்களுடைய ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும். அந்த நான்கு மணி நேரமும் வாயை மூடிக்கொண்டிருந்த குழந்தை ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

அதிலும் மூன்றாவது நாற்காலிக்காரி பேச ஆரம்பித்தால் மெஷின் அடிக்கும் மணியே காதில் விழாது. ஏழு வயது, பார்க்க நாலு வயது. சிறுத்தாலும் காரம் போகாதவள் என்பதால் டாக்டர் வைத்த பெயர், கடுகு. அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் தரத் தாயே தயாராக இருந்தாள். ஆபரேஷனைத் தாங்கக் குழந்தைக்கு உடம்பு வேண்டும், இரண்டு கிலோ ஏறட்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. எடை ஏறவில்லை. குறையவும் இல்லை. “எங்க வீட்டுல எல்லாருமே குச்சிதான் மேடம்,” என்பாள் தாய். எல்லாரும் அதை நம்பினார்கள்.

நம்பக் காரணம் இருந்தது. சுவரில் தொங்கிய நட்சத்திர அட்டை அக்காவின் சொந்தக் கண்டுபிடிப்பு. மாதக் கடைசியில் ஒருமுறை ரத்தப் பரிசோதனை நடக்கும். பாஸ்பரஸ் என்கிற சத்து இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் தங்கி எலும்பை அரிக்கும். அது யாருக்கு மிகக் குறைவாக இருக்கிறதோ, அவர் பெயருக்கு நேரே தங்க நிற நட்சத்திரம். கடுகு தொடர்ந்து மூன்று மாதம் வாங்கிவிட்டாள். அவள் தாய் எழுதிக் காட்டும் சாப்பாட்டு நோட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும்: இன்ன கிழமை, இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, வேகவைத்த முட்டைக்கோஸ், அரை ஆப்பிள். “இவங்களைப் பார்த்துக் கத்துக்கோங்க,” என்று அக்கா மற்ற தாய்மாரிடம் அந்த நோட்டைக் காட்டாத நாள் கிடையாது.

மூன்றாவது நட்சத்திரம் ஒட்டிய அன்று அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “கடுகு, உன் ரகசியத்தை எல்லாருக்கும் சொல்லு. மேடைப் பேச்சு!” என்றாள்.

கடுகு தயங்கவே இல்லை. காலி டம்ளரை மைக்காகப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் கேளுங்க! இருபதாம் தேதி வரைக்கும் நல்லா சாப்பிடணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடணும். அம்மா அவங்க பங்கைக் குடுப்பாங்க, வாங்கக் கூடாது. பசிச்சா ஐஸ் சப்பணும். ரொம்பப் பசிச்சா தூங்கிடணும். நட்சத்திரம் தானா வரும்!”

குழந்தைகள் கைதட்டினார்கள். அடுத்த நாற்காலியில் இருந்த மூக்குக்கண்ணாடிப் பெண் மட்டும் தட்டவில்லை. “எங்க வீட்டுலயும் அப்படித்தான். ஆனா எனக்குப் பசி தாங்காது, இலவசமா குடுக்கிற சாப்பாட்டுப் பெட்டியில வர்ற டின்னைத் தின்னுடுவேன். அதான் அக்கா மாசாமாசம் என்னைத் திட்டுறாங்க.”

அக்காவின் கையில் மிச்ச நட்சத்திரங்கள் இருந்த தாள் அப்படியே நின்றது. உள்ளே போகாத சத்து ரத்தத்தில் எப்படி ஏறும்? பசிக்குத் தண்ணீரும் ஐஸும் உள்ளே போனால், அது வெளியேற வழியில்லாத உடம்பில் தங்கித்தான் எடை காட்டும். மெஷின் கொஞ்சம் இறக்கும், மிச்சம் சதை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். சதை கரைய, தண்ணீர் அந்த இடத்தை நிரப்ப, தராசு ஆறு மாதமாகப் பொய் சொல்லியிருக்கிறது. பட்டினிக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தவள் அக்காவேதான்.

வாசலில் நின்ற கடுகின் தாயின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அக்கா அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். கையிலிருந்த நோட்டை முதல்முறையாகப் படிப்பதுபோல் படித்தாள். செவ்வாய், வியாழன், வியாழன், வெள்ளி. ஒவ்வொரு வாரமும் இரண்டு வியாழன், புதன் கிடையாது. அக்கா தானே அவசரத்தில் தட்டச்சு செய்து எல்லாருக்கும் கொடுத்த மாதிரித் தாளிலும் அதே தப்பு.

“என் தாளைப் பார்த்தே எழுதிட்டியா, தங்கச்சி?”

தாய் தலையைக் குனிந்தாள். “வாரத்துல மூணு நாள் இங்க இருக்கேன். சலவைக் கடையில மிச்ச நாளுக்குத்தான் வேலை. மாசக் கடைசில முட்டை வாங்க முடியறதில்ல. உண்மையை எழுதினா, பிள்ளைக்குச் சோறு போட வக்கில்லாதவன்னு ஆபரேஷன் லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துட்டீங்கன்னா?”

“யாரு எடுப்பா? என் பொணத்தைத் தாண்டித்தான் எடுக்கணும்,” என்றாள் அக்கா. குரல் உள்ளே ஐந்து நாற்காலிக்கும் கேட்டது.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஒரே அறை. படியேறியதும் கடுகு, “உக்காருங்க அக்கா, சோபா!” என்று காட்டினாள். அது சோபா இல்லை. உணவு உதவிக்கூடத்தில் வாரா வாரம் கொடுக்கும் இலவசப் பெட்டிகள். உள்ளே பிரிக்காத நூடுல்ஸ், உப்பில் ஊறிய பீன்ஸ் டின், தக்காளி சாஸ், பால் பவுடர். ஒன்றுகூட அந்தக் குழந்தைக்கு ஆகாது.

“அம்மாவும் தொடுறதில்ல,” என்றாள் கடுகு. “நான் பார்த்துட்டு இருக்கும்போது தின்னா பாவமாம்.”

அக்கா சோபாவில் உட்கார்ந்தாள். சாப்பாட்டின் மேலேயே உட்கார்ந்து பட்டினி கிடக்கும் வீடு என்று நினைத்ததும் எழுந்துவிட்டாள்.

உதவிக்கூடத்துக்காரரைப் போய்ப் பார்த்தாள். “எல்லாருக்கும் ஒரே பெட்டிதான் மேடம். பிரிச்சு மாத்த எனக்கு ஆளில்ல, முட்டை வச்சுக்க இடமும் இல்ல,” என்றார். நல்ல மனிதர்தான், கை விரித்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினாள். அவர் கேட்டுக்கொண்டே, மனைவி கண்ணில் படாமல் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தார். பாதியில் பிடிபட்டார்.

“அந்தக் கண்றாவியைத் தின்னாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“டிப்போவுல எல்லாரும் இதைத்தாம்மா திங்கறோம். ரெண்டு டிரிப்புக்கு நடுவுல வேற எதைக் கிண்டறது? எங்க பாதிப் பேர் வீட்டுல கோழி இருக்கு, முட்டை கெடக்கு. திங்க நேரந்தான் இல்ல.”

அவள் அவரையே பார்த்தாள். கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் அது முதல்முறை.

அடுத்த வாரம் வார்டுக்கு வெளியே வராந்தாவில் ஒரு மேசை முளைத்தது. ஒரு பக்கம் டின்னும் நூடுல்ஸும். மறுபக்கம் டிரைவர்கள் கொண்டுவரும் முட்டை, முட்டைக்கோஸ், ஆப்பிள். இதை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு போகலாம். தானம் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது கட்டளை. மேசைக்குப் பொறுப்பு கடுகின் தாய். மகள் மெஷினில் இருக்கும் நேரத்தில் அவளுக்கு வேறு வேலை என்ன? முதல் நாள் கூச்சப்பட்டாள். இரண்டாவது வாரத்தில் பேரம் தூள் பறந்தது.

“ரெண்டு டின்னுக்கு ஆறு முட்டை அண்ணே.”

“அநியாயம்மா! நாலு தர்றேன்.”

“பீன்ஸ் இல்லாம நூடுல்ஸ் எறங்குமா? யோசிச்சுட்டு வாங்க. பஸ் கெளம்பிடப் போகுது.”

ஆறு வாங்கினாள். மூக்குக்கண்ணாடியின் வீட்டுப் பெட்டியும் அதே மேசைக்கு வந்தது. டாக்டரே தன் பங்குக்கு ஒரு கோழியைக் கொண்டுவந்து, அது உயிரோடு இருந்ததால் திட்டு வாங்கினார். அக்கா இப்போது நோட்டு கேட்பதில்லை. “போன வாரம் வீட்டுல எது இல்லாமப் போச்சு?” என்றுதான் முதலில் கேட்கிறாள். மெஷினில் ஏறும் குழந்தைக்கு முதலில் ஒரு தட்டுச் சாப்பாடு, பிறகுதான் மற்றதெல்லாம்.

மாதக் கடைசிப் பரிசோதனையில் கடுகின் பாஸ்பரஸ் ஏறியிருந்தது. அக்கா தாளைப் பார்த்துத் துள்ளினாள். டாக்டர், “சாப்பாடு உள்ள போகுது, இது போதும். இதுக்கு மேல ஏறினா மருந்து பார்த்துக்கும்,” என்று சிரித்தார்.

கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் நட்சத்திரம் போச்சு! நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க?”

“தட்டைக் காலி பண்றவங்களுக்குத்தான் இனிமே நட்சத்திரம். பழைய கணக்கு செல்லாது,” என்றாள் அக்கா.

“அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?” என்று கேட்டாள் கடுகு. அக்கா தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான்கு மாதம் கழித்து, மெஷினிலிருந்து இறங்கி, தண்ணீரெல்லாம் போன பிறகு போடுகிற எடை. கடுகு தராசு நாற்காலியில் ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கிலோ கூடியிருந்தது. முள்முனையளவும் பிசகவில்லை. தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் தேதி குறிக்கக் காலண்டரைத் திருப்பினார்.

அக்கா மட்டும் கடுகைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். “எங்கே, ஒரு குதி குதி பார்ப்போம்.”

“கூடாது,” என்றாள் கடுகு.

அக்கா அவளை அலேக்காகத் தூக்கினாள். கவுனுக்குள்ளிருந்து பீன்ஸ் டின் ஒன்று தடாலென்று விழுந்து நாற்காலிக்கு அடியில் உருண்டது.

வார்டே விழுந்து விழுந்து சிரித்தது. டின்னைத் தனியாக எடை போட்டார்கள்: நானூறு கிராம். அப்படியென்றால் கடுகின் மேல் ஏறியிருந்த நிஜமான சதை ஒரு கிலோ அறுநூறு. தாய் அழுகையை நிறுத்திவிட்டு மகளின் காதைத் திருகினாள். டாக்டர் காலண்டரை மூடவில்லை. ஒரு மாதம் தள்ளி, பென்சிலால் ஒரு தேதியை வட்டமிட்டார்.

“நானூறு கிராம்,” என்றார். “முடியுமா?”

கடுகு காதைத் தடவிக்கொண்டே அக்காவைப் பார்த்தாள். “இன்னிக்குத் தட்டுல என்ன?”