உமி இன்ஜினைப் பார்க்க வந்தவர்கள்

எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. நீட்டி எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தை எங்கள் தெருவில் சில குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்களுக்கும் ஒரு துண்டு. பட்டா கொடுத்த மேடையில் கொடி, மாலை, மைக்செட் எல்லாம் இருந்தது. நிலத்தில் தண்ணீர் இல்லை. வாய்க்கால் பள்ளத்தில் ஓடியது, நிலம் மேட்டில் கிடந்தது. மிராசுதார் விட்டுக்கொடுத்த நிலம் வேறு எப்படி இருக்கும்?

பட்டாவில் ஒரு நிபந்தனை உண்டு. பயிர் வைக்காமல் தரிசாகப் போட்டால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும். இது மிராசுதாரின் காரியக்காரருக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் குடையை ஊன்றிக்கொண்டு வரப்பில் வருவார்.

"என்னப்பா, கோரை நல்லா வெளைஞ்சிருக்கு. எப்ப அறுப்பு?"

மாமனார் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் குடும்பத்திலேயே பண்ணையாளாக இருந்தவர். பெரியவர்கள் வரப்பில் வந்தால் கைவேலையை நிறுத்தவேண்டும், கீழே இறங்கி நிற்கவேண்டும். அவர் உடம்பு அப்படிப் பழகியது. எங்கள் உடம்பும்தான்.

இறைகூடை கட்டி இறைத்தோம். ஒரு மூலை நனையும். மறு மூலைக்குப் போவதற்குள் நனைந்தது காய்ந்துவிடும்.

அப்போதுதான் தஞ்சாவூரிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார். சின்ன வயசு. மோட்டார் சைக்கிளில் வருவார். அரிசி ஆலையில் மலைபோலக் குவியும் உமியை இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்து, அந்தப் புகையைத் தண்ணீரில் கழுவி, இன்ஜினுக்குக் கொடுத்துத் தண்ணீர் இறைக்கலாம் என்றார். டீசல் கொஞ்சம்தான் வேண்டுமாம். அரசாங்கம் ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணத்தில் செய்தது. எங்கள் நிலத்தில் வைத்துப் பார்க்க இடம் கேட்டார். கொடுத்தோம்.

ஆலையிலிருந்து உமி சுமந்து வந்து பீப்பாயில் கொட்டுவது என் வேலையானது. முகமெல்லாம் கரி. என் நாத்தனார் விடமாட்டாள்.

"அண்ணி, ராத்திரியில எதுக்க வந்துடாத. அண்ணன் பயந்துடும்."

இன்ஜின் ஓடியது. தண்ணீர் மேட்டில் ஏறியது. மேடு முழுக்கச் சம்பா நட்டோம். காரியக்காரர் சில நாள் வரப்புப் பக்கம் வரவில்லை.

ஆவணியில் வாத்தியார் ஒரு செய்தி கொண்டு வந்தார். புது எரிசக்தி ஆராய்ச்சிகளில் எதற்கெல்லாம் இனிமேல் பணம் கொடுக்கலாம் என்று அரசாங்கம் நிபுணர்களைக் கூட்டிக் கேட்கப்போகிறது. கூட்டம் தஞ்சாவூரில். முதல் நாள் அவர்கள் வந்து நம் இன்ஜினைப் பார்ப்பார்கள். மறுநாள் பேசி முடிவு செய்வார்கள்.

"இதுல நாம தோத்துட்டோம்னா இன்ஜினத் திரும்ப எடுத்துக்குவாங்க. ஓடுறத அவங்க கண்ணால பாத்தாப் போதும்" என்றார்.

அவர் போனதும் எல்லோரும் வேலைக்குத் திரும்பினோம். இன்ஜின் போனால் தண்ணீர் போகும். தண்ணீர் போனால் தரிசு. தரிசானால் பட்டா போகும். சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

அவர்கள் வருகிற நாளில் வரப்பைச் செதுக்கினோம். பீப்பாய்க்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள் நாத்தனார். விடியற்காலையிலேயே நெருப்பு மூட்டிவிட்டோம். பீப்பாய் ஆறிவிட்டால் சாம்பலை வாரி, மறுபடி கரி போட்டு மூட்டி, நல்ல புகை வருவதற்குள் அரைப்பொழுது போய்விடும். அதனால் அவர்கள் வருவதற்கு வெகு முன்பே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

வேன்கள் ரோட்டில் வந்து நின்றன. வெள்ளைச் சட்டைக்காரர்கள் இறங்கி வரப்பில் வரிசையாக வந்தார்கள். வாத்தியார் முன்னால் வந்தார். பாதி வரப்பு வந்திருப்பார்கள். மாமனார் இன்ஜினை நிறுத்தினார். பீப்பாயின் காற்று வழியை மூடினார். தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு கீழே இறங்கி நின்றார். நாங்களும் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி நின்றோம். அது தப்பு என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாத்தியார் ஓடி வந்தார்.

"ஏன் நிறுத்துனீங்க?"

"பெரியவங்க வர்றாங்கல்ல சாமி. சத்தமும் பொகையுமா எப்படி?"

மறுபடி மூட்டப் பார்த்தோம். வெறும் வெள்ளைப் புகைதான் வந்தது, எல்லோருக்கும் இருமல். டீசலில் மட்டும் ஓட்டிக் காட்டட்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதைக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று வாத்தியார் கையை விரித்தார். நிபுணர்களில் ஒருவர் பீப்பாயைத் தொட்டுப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தோம். அவர்கள் பெரிய கோயிலுக்குப் போகவேண்டியிருந்தது. போனார்கள்.

மறுநாள் என்னைக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இன்ஜினை வைத்துப் பிழைப்பவர்களில் ஒருவர் பேசவேண்டுமாம். பெண்ணாக இருந்தால் நல்லதாம். நாத்தனார் தன் புதுப்புடவையைக் கொடுத்தாள்.

"மேடையில ஏறித் துண்டு போடாத அண்ணி. அப்புறம் எலக்சன்ல நிக்கச் சொல்லிடுவாங்க."

குளிரூட்டிய அறை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எதிரே பெரிய பலகை. ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் ஒரு கலர் அட்டை எழுதிக் குத்தியிருந்தார்கள். எங்களுடையது மஞ்சள் என்று வாத்தியார் காட்டினார். மேல் வரிசைக்குப் பணம் உண்டு. கீழே போனால் இல்லை. காலையில் எங்கள் அட்டை நடுவில் இருந்தது.

எல்லாம் இங்கிலீஷ். யாராவது எழுந்து பேசுவார், ஒரு அட்டை மேலே போகும், ஒன்று கீழே இறங்கும். நான் மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. தலைமையில் இருந்த பெரியவர் தமிழில் கேட்டார். நல்ல மாதிரிதான் கேட்டார்.

"நேத்து நாங்க வந்தப்ப மெஷின் ஓடலையேம்மா?"

"ஓடிச்சுங்க. நிறுத்துனோம்."

"ஏதும் ரிப்பேரா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன்?"

"நீங்க வந்தீங்க."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் இங்கிலீஷில் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். வாத்தியார் எழுந்து, பீப்பாய் ஆறினால் என்ன ஆகும் என்று விளக்கினார். பெரியவர் கேட்டுக்கொண்டார்.

"நம்பறேன் சார். ஆனா பாக்கலையே."

வேறு எதுவும் சொல்ல விரும்புகிறேனா என்று என்னைக் கேட்டார்.

"அது ஓடுனாத்தான் எங்களுக்கு நெலம்" என்றேன்.

தலையாட்டினார். எழுதிக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு மஞ்சள் அட்டை கீழ் வரிசையில் இருந்தது. யார் எடுத்துக் குத்தினார்கள் என்று நான் பார்க்கவில்லை. நாங்கள் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

வாசலில் வாத்தியார் டீ வாங்கிக் கொடுத்தார்.

"கிராமத்துக்கெல்லாம் கரண்டு வந்துடும், இது எதுக்குன்னு சிலபேர் சொல்றாங்க. சில வருசம் கழிச்சு மறுபடி கூட்டம் போடுவாங்க. அப்பப் பாக்கலாம்."

"அதுவரைக்கும் நெலத்தச் சும்மா போட்டு வைக்க முடியாதுங்களே."

அவர் டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் அதுதான் பிழைப்பு.

வீட்டில் மாமனார் வாசல் படல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தாயி சொன்னாங்க?"

"யோசிக்கிறாங்களாம் மாமா."

வேறு எதுவும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே தெரிந்துகொண்டார். அதன்பிறகு இன்ஜின் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

அந்தச் சம்பாவை அறுத்தோம். தை முடிந்து லாரி வந்தது. இன்ஜினையும் பீப்பாயையும் ஏற்றிப் போனார்கள். வட்டமாகக் கரி பிடித்த தரை மட்டும் இருந்தது. கரண்டுக் கம்பம் மிராசுதாரின் தென்னந்தோப்பு வரை வந்து நின்றது.

அடுத்த பட்டத்துக்கு மறுபடி இறைகூடை. விட்ட நாற்று பாதியிலேயே சருகானது. அதற்கடுத்த பட்டத்துக்கு விதை வாங்கவில்லை. கோரை வந்தது.

ஒரு நாள் காரியக்காரர் கிராம அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வரப்பில் வந்தார். அதிகாரி மேட்டைச் சுற்றிப் பார்த்தார். கணக்கில் தரிசு என்று எழுதவேண்டியதுதான், தன் கையில் ஒன்றுமில்லை என்றார். காரியக்காரர் அன்றைக்குக் கேலி பேசவில்லை. பேச அவசியம் இல்லை.

மாமனார் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். நிறுத்துவதற்கு அன்று வேலை ஒன்றும் இல்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கீழே கோரைக்குள் இறங்கி நின்றார்.

நானும் இறங்கி நின்றேன்.