எல்லைக் கல்லைத் தாண்டிய பெஞ்சு

சாலை மறியல் நடந்தால், நடந்த மாநிலத்துக்கு வரவேண்டிய ரோட்டுப் பணத்தை டெல்லி வெட்டிவிடுமாம். 2005 ஐப்பசி மழையோடு இந்தப் பேச்சும் புதுச்சேரிக்கு வந்தது. விசாரிக்கப் போனேன். ரோட்டு ஆபீஸ் குமாஸ்தா, "அப்படி ஒரு பேப்பர் வந்தா எங்களுக்குத்தான் வரும். வரல. வராதுன்னும் சொல்ல முடியாது" என்றார். இதையே கேட்க இன்னொருவரும் வந்தாராம், நெல்லித்தோப்பு அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் தணிகாசலம்.

வயது ஐம்பத்திரண்டு. பகலில் மண்டி, விடிகாலையில் அரைக் காணி நிலம். ஊர் தெற்கே, எல்லைக் கல்லை ஒட்டி. கல்லுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. தண்ணீர், கரண்டுக் கம்பம், பஸ் என்று ஏழு மறியல் செய்தவர். சுலோசனாவின் டீக்கடை பெஞ்சை நடுரோட்டில் போட்டு அவர் உட்கார்ந்தால் மறியல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அந்த மழையில் ஊருக்குள் போகும் வாய்க்கால் பாலம் உடைந்தது. அவர் மகள் பூர்ணிமாவுக்கு ஒன்பதாம் மாதம். ஆட்டோ உள்ளே வராது. மறியல் செய்யாவிட்டால் பாலம் கட்ட மாட்டார்கள். செய்தால் கட்டப் பணம் வராது. மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள், இருபது பேரோடு போய், பெஞ்சைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போட்டார்.

தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் வந்தார்.

"எந்த ஊருய்யா நீங்க?"

"பாண்டி சார்."

"எந்தப் பாலம்?"

"அதுவும் பாண்டிதான்."

"அப்புறம் எங்க ரோட்டுல ஏன்யா உக்காந்துருக்க?"

"நீங்க பெரிய மாநிலம் சார். கொஞ்சம் பணம் போனாலும் தாங்குவீங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கல்லுக்கு இந்தப் பக்கம் நம் போலீஸ், "நம்ம லிமிட் இல்ல" என்று வேர்க்கடலை தின்றபடி நின்றது. பேச்சுவார்த்தைக்கு எவரும் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் எழுந்துவிட்டார்கள். 'நமது பகுதியில் மறியல் இல்லை' என்று ரோட்டு ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள். மறியலே இல்லையென்றால் குறை ஏது?

வலி எடுத்த அன்று தணிகாசலம் அதே பெஞ்சை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டு, மகளைக் கைபிடித்து நடத்திப்போய் ஆட்டோவில் ஏற்றினார். பெண் குழந்தை. இப்போது ஊரே பெஞ்சின்மேல்தான் நடக்கிறது. டீக்கடையில் எல்லோரும் நின்றபடி குடிக்கிறார்கள். டெல்லிப் பேச்சு நிஜமா என்பது எனக்கும் இன்னும் தெரியவில்லை.

"மாமா, என் பெஞ்சு?" சுலோசனா தினமும் கேட்கிறாள்.

"பாலம் கட்டுனதும் குடுத்துடுறேம்மா."

"அதுக்கு நீ மறியல் பண்ணணுமே?"

"பண்ணலாம். எதுமேல உக்கார்றது?"