அப்பாவின் குளிர்ப்பெட்டியில் விசிறி நின்றபோது

எங்கள் அப்பா மறைந்த அன்று மத்தியானம், அவர் மூச்சு விடுகிறார் என்று நான் நம்பினேன். வாடகைக் குளிர்ப்பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தோம். முகத்துக்கு நேர் மேலே கண்ணாடியில் ஆவி படிந்தது. விரலால் தேய்த்தேன், போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது.

"அக்கா, அப்பா மூச்சு வுடறாரு!"

அக்கா ஓடி வந்து பெட்டியின் மேல் கை வைத்தார். "மூச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொட்டி ஓடலடா."

அப்பா வில்லியனூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில், உழவுக் குடும்பத்தில் பிறந்தவர். பஞ்சாலை வேலைக்காக நகரத்துக்கு வந்தார். ஆலை மூடியபின் நகரத்தை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் காவலாளியாக நின்றே எங்கள் மூவரையும் ஆளாக்கினார். சாரம் பகுதியில் இந்த வீட்டையும் கட்டினார். யாரையும் கடிந்து பேசியதில்லை. வீட்டில் எது பழுதானாலும் அவரிடம் ஒரே வைத்தியம்: கழற்றி, வாயால் ஊதி, மறுபடி மாட்டுவார். மிக்சி, ரிமோட், சுவர்க்கடிகாரம் எல்லாவற்றுக்கும் அதே ஊதல்தான். எனக்குத் தெரிந்த மின்சார சாஸ்திரமும் அவ்வளவே.

பிளக்கைப் பிடுங்கி ஊதி மாட்டினேன். வேறு சுவிட்சில் மாட்டினேன். தலைக்கு மேல் மின்விசிறி நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்ததால் மின்வாரியத்தையும் திட்ட வழியில்லை. பெட்டிக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நான் கனகசெட்டிக்குளத்துல வேற சாவு வூட்ல இருக்கேன், வர நேரமாவும். கால் பக்கம் அடியில வலை மாதிரி ஜாலி இருக்கும். உள்ள ஃபேன் சுத்துதான்னு பாருங்க. அது நின்னா பொட்டி சூடாயி தானா ஆஃப் ஆயிடும்."

பார்ப்பதற்குத் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். படுத்தேன். உறவினர்கள் பாய்ந்து வந்து தூக்கினார்கள்.

"அழுவாதப்பா, மனச தேத்திக்க."

"அழுவல மாமா, ஃபேன் பாக்கறேன்."

"பாவம், பொலம்பறான்" என்று வாயில் சோடாவை ஊற்றினார் மாமா. மறுபடி படுத்தேன், மறுபடி தூக்கினார்கள்.

அப்போது அண்ணனின் அழைப்பு. பாரீசிலிருந்து வந்து சென்னையில் இறங்கி, காரில் வந்துகொண்டிருந்தார். "அப்பா மொகத்த நல்லபடியா பாத்துடுவனாடா?"

அதற்காகத்தானே பெட்டியே.

"வாண்ணா. அப்பா ஜில்லுன்னு இருக்காரு" என்றேன். என் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. என்ன செய்வது என்று அப்பாவிடம் கேட்கத் திரும்பினேன். பழுது என்றால் அந்தப் பக்கம் திரும்பித்தான் பழக்கம்.

"நீ தொட்டது எதுடா ஓடியிருக்கு? நவுரு" என்றார் அக்கா.

பெட்டியின் கால்மாட்டில் மாலைகள் மலைபோல் கிடந்தன. எங்கள் பக்கத்தில் விழுந்த மாலைகளை வைத்துத்தான் போனவரின் மதிப்பைப் பேசுவார்கள். அண்ணன் கண்ணால் பார்க்கட்டும் என்று, ஒன்றைக்கூட வெளியே போடவிடாமல் பெட்டியை ஒட்டி அடுக்கச் சொன்ன மேதை நான். அக்கா ஒவ்வொன்றாக இழுத்து எறிந்தார். அடியிலிருந்த சம்பங்கி மாலை மட்டும் வரவில்லை. அதன் நூல் ஜாலிக்குள் புகுந்து விசிறியை இறுக்கிச் சுற்றியிருந்தது. என்னைப் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, குப்புறப் படுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து உருவினார். அவரைத் தூக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

பிளக்கை மாட்டினேன். ஓடவில்லை.

"கொஞ்சம் ஆறட்டும்ணே" என்றார் போனில் பெட்டிக்காரர்.

இருவரும் தரையில் உட்கார்ந்தோம். அப்பாவின் நெற்றியில் விபூதி ஈரமாகிக் கரைந்துகொண்டிருந்தது. செய்வதற்கு எதுவும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஜாலிக்குள் ஊதினார். நானும் ஊதினேன். மாமா சோடாவோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சற்று நேரத்தில் விசிறி சுற்றியது. நாங்கள் ஊதியதால் அல்ல, சூடு ஆறியதால்.

இந்த ஓராண்டு நினைவு நாளில், அன்று தோள் கொடுத்தவர்களுக்கும், மாலையோடு வந்தவர்களுக்கும், பெட்டிக்காரருக்கும், என்னைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி கண்ட மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் வந்தபோது கண்ணாடி தெளிந்திருந்தது. அப்பாவின் முகத்தை அவர் நன்றாகப் பார்த்தார்.

கோடி வேட்டி போர்த்தப் பெட்டியைத் திறந்தபோது புகுந்த ஈரக்காற்று, குளிர்ச்சி நின்றதும், நான் மூச்சென்று நம்பிய ஆவியாகக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. அப்பா விடியற்காலையிலேயே, தூக்கத்தில், இறந்துவிட்டார்.