ஆ, ஆடு

அவர் ஒன்றாம் வகுப்பு வாத்தியார். நானும் வாத்தியார்தான், கால் முறிந்து மெடிக்கல் லீவில் இருந்தேன். தென்காசி ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழக்கம். அவருக்குத் தொண்டையில் கோளாறு. ஒல்லியான ஆள். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். யார் பேசினாலும் அவர்கள் வாயையே கவனிப்பார், உச்சரிப்பைத் திருத்தக் காத்திருப்பவர்போல.

ஒருநாள் துணைக்கு நானும் உள்ளே போயிருந்தேன். டாக்டர் அவர் தொண்டைக்குள் டார்ச் அடித்து, "ஆன்னு சொல்லும்" என்றார்.

"ஆ, ஆடு" என்றார் அவர்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் காய்ந்த ஓலையை இழுத்ததுபோல இருந்தது அந்தக் குரல்.

"இனிமே வகுப்பெடுக்கப்படாது. பள்ளிக்கூடத்துலயே உக்காந்து எழுதுத வேலையா கேளும். நான் சிபாரிசு எழுதித் தாரேன்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: "எழுதுத வேலைன்னா பக்கத்துல பிள்ளைக இருக்குமா அண்ணாச்சி?"



கால் தேறியபின், அந்தச் சாரல் சீசனில் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். அருவிக்கு எதிரே ஒரு பாறையில் அவர் உட்கார்ந்திருந்தார். குளிக்கவில்லை. வாயை அகலத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனதும் என் காதோடு வாய் வைத்துச் சொன்னார்: "இங்கன யாரு பேசுனாலும் கேக்காது அண்ணாச்சி. அதான் வந்து பாடம் நடத்துதேன்."

மறுபடி அருவியைப் பார்த்து வாயைத் திறந்தார். என்ன பாடம் என்று தெரிந்தது. பிள்ளைகள் சொல்வதுபோல நானும் திருப்பிச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் என் வாயைப் பார்த்து, சரி என்று தலையசைத்தார்.